பாடியவர் ஒருவர், உடையவர் இன்னொருவர்

1986இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடம் ஒரு கேசட் இருந்தது. ஊட்டியில் பள்ளிப்படிப்பு முடித்தவன் அவன்; அங்கே யாரிடமோ பதிவு செய்து வாங்கி வந்த அறுபது நிமிட நாடா. அட்டையில் நீல மையால் 'சி.சி.ஆர்.' என்று மூன்றே எழுத்து. மெஸ் மூடி, விளக்கணைந்த பிறகு அதைப் போடுவான். தொண்டை நரம்பு புடைக்கப் பாடும் ஒரு குரல். எங்களுக்குப் பாதிச் சொற்கள் பிடிபடாது. ஆற்றுப் படகும் சதுப்பு நிலமும் மட்டும் புரியும். மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் லூசியானாவில் பிறந்து வளர்ந்த கறுப்பர் ஒருவர்தான் பாடுகிறார் என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டியிருந்தோம்.

2001இல் வேலைக்காக கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்தேன். பக்கத்து ஊரான எல் செரிட்டோவில் வாடகைக்கு வீடு பிடித்தேன். ஒரு சனிக்கிழமை காரைக் கழுவிக்கொண்டே அதே பாட்டுகளைப் போட்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், வேலியோரம் வந்து நின்றார். “நம்ம ஊர்ப் பையன்” என்றார். எனக்கு விளங்கவில்லை. மேட்டுப்பக்கம் கையைக் காட்டி, “அங்கேதான் படித்தான்” என்றார். பதினைந்து வருடம் லூசியானா என்று நினைத்துக்கொண்டு கேட்ட குரல், நான் தினமும் பார்ட் ரயில் ஏறும் ஊரில் வளர்ந்த குரல். அன்றிலிருந்துதான் அந்தக் குரலுக்கு உரிய ஜான் ஃபோகர்ட்டியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எல் செரிட்டோ என்றால் ஸ்பானிய மொழியில் சிறு குன்று. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், வேலைக்குப் போய் வருபவர்கள் வாழும் அமைதியான ஊர். ஃபோகர்ட்டி பிறந்தது பெர்க்லியில், 1945 மே 28, வளர்ந்தது இங்கே. போர்டோலா ஜூனியர் ஹைஸ்கூலில் கூடப் படித்த ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் இருவரோடும் சேர்ந்து 1959இல் 'புளூ வெல்வெட்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார். அண்ணன் டாம் பிறகு சேர்ந்துகொண்டார். அந்தப் பள்ளியின் பெயரும் இடமும் இப்போது மாறிவிட்டன.

1964இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் ஃபேண்டசி ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தைப் பார்த்துவிட்டு, பையன்கள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு நேரே போய் நின்றார்கள். நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆனால் தட்டு அச்சாகி வந்தபோது அதில் 'கோலிவாக்ஸ்' என்ற பெயர் இருந்தது. இவர்களை யாரும் கேட்கவில்லை. சொந்தப் பெயரைக்கூடத் தாங்கள் வைத்துக்கொள்ள முடியாத இடத்தில்தான் அவர்களுடைய தொழில் தொடங்கியது. ஃபோகர்ட்டி அதே நிறுவனத்தின் கிடங்கில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் வேலையும் பார்த்தார்.

1967இல் அங்கே விற்பனையாளராக இருந்த சால் ஜான்ட்ஸ், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு நிறுவனத்தையே வாங்கினார். பையன்களுக்கு நல்லவராகத்தான் தெரிந்தார். பழைய பெயரை விட்டுவிடலாம் என்றார். கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், அந்தக் கேசட் அட்டையின் 'சி.சி.ஆர்.', பிறந்தது. புதிய ஒப்பந்தமும் வந்தது. ஆண்டுக்கு இத்தனை பாட்டுப் பதிந்து தர வேண்டும். குறைந்தால் பாக்கி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். எழுதும் பாட்டுகளின் பதிப்புரிமை நிறுவனத்துக்கே. ஃபோகர்ட்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையெழுத்துப் போட்டார்.

அந்த நாட்களில் அவர் ராணுவ ரிசர்வ் படையில் இருந்தார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம். 1968 கோடையில் விடுவிப்புக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்த அன்று, சந்தோஷத்தில் உள்ளே ஓடிக் கிட்டாரை எடுத்ததாகவும், அந்த வேகத்தில் 'ப்ரௌட் மேரி' பிறந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பாட்டுத் தலைப்புகளை மட்டும் குறித்துவைக்க அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் முதலில் எழுதிய தலைப்பே அதுதான். மிசிசிப்பியில் போகும் துடுப்புச் சக்கரப் படகைப் பற்றிய அந்தப் பாட்டை எழுதியபோது, அவருக்கும் அந்த ஆற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வானொலியில் கேட்ட புளூஸ் பாட்டுகள்தான் அவருடைய மிசிசிப்பி.

'கிரீன் ரிவர்' என்ற பாட்டில் வரும் ஆறு உண்மையில் இங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், வின்டர்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஓடும் புட்டா கிரீக். சிறுவயதில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன ஓடை. பெயர் மட்டும் கடையில் விற்ற எலுமிச்சைச் சுவைப் பானத்தின் பாட்டிலிலிருந்து வந்தது. சிறு ஊரில் சிக்கிக்கொண்ட பாடகனைப் பற்றிய 'லோடி'யை எழுதியபோது அவர் லோடியைப் பார்த்ததே இல்லை. பெயரின் ஓசை பிடித்திருந்தது, எழுதிவிட்டார். இதைப் பொய் என்று சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். பார்க்காத ஊரைப் பார்த்தவனைவிடத் துல்லியமாகப் பாடுவது கலை. திருச்சி விடுதியில் இரண்டு பேரை அது நம்பவைத்தது.

1969ஐ நினைத்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஜனவரியில் ஒரு தொகுப்பு, ஆகஸ்டில் ஒன்று, ஆண்டு முடிவதற்குள் இன்னொன்று. ஓராண்டில் மூன்று இசைத்தட்டு, நடுவில் ஊர் ஊராகக் கச்சேரி. எழுதுவது, மெட்டமைப்பது, முதன்மைக் கிட்டார், பாடுவது, பதிவை மேற்பார்ப்பது எல்லாம் ஒரே ஆள். ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் நள்ளிரவுக்கு மேல், கூட்டம் சேற்றில் தூங்கிக்கொண்டிருந்தபோது, இவர்களுக்கு மேடை கிடைத்தது. அன்றைய பாட்டு தனக்குத் திருப்தியில்லை என்று விழாவைப் பற்றிய படத்தில் சேர்க்க ஃபோகர்ட்டி மறுத்துவிட்டார். முழுப் பதிவு வெளிவர 2019 ஆனது. குழுவின் காலம் முழுவதிலும் ஐந்து சிங்கிள்கள் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போயின. ஒன்றுகூட முதலிடத்தைத் தொடவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தப்பிக்க, மற்றவர்கள் போருக்குப் போகிறார்கள் என்ற கோபத்தில் எழுதிய 'ஃபார்ச்சுனேட் சன்'னும் அதே 1969இல்தான் வந்தது.

விற்ற தட்டுகளின் பணத்தில் ஃபேண்டசி, 1971இல் பெர்க்லியில் பத்தாம் தெருவும் பார்க்கர் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு கட்டடம் எழுப்பியது. 'கிரீடென்ஸ் கட்டிய வீடு' என்றே அதை அழைப்பார்கள். நான் அந்த வழியாகத்தான் மதியச் சாப்பாட்டுக்கு நடப்பேன். ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்ப்பேன். கிடங்கில் பெட்டி அடுக்கிய பையன் நினைவுக்கு வருவான்.

அந்த வீடு எழுந்த ஆண்டே டாம் குழுவை விட்டுப் போனார். 1972இல் குழு கலைந்தது. சேர்த்த பணத்தை பஹாமாஸில் ஒரு வங்கியில் போடச் சொன்னார்கள். அந்த வங்கி மூழ்கிப் பணமும் போயிற்று. ஒப்பந்தப் பாக்கி மட்டும் மூழ்கவில்லை. இன்னும் பல தொகுப்புகள் கடன். 1973இல் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து ஒரு தொகுப்பு, 1975இல் இன்னொன்று, 1976இல் பதிந்தது வெளிவராமலே நின்றது. கடைசியில், பழைய தட்டுகளில் பாடகராகத் தனக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியை ஜான்ட்ஸிடம் விட்டுக்கொடுத்து, அந்த விலையில் விடுதலை வாங்கினார். அதே காலத்தில் ஜான்ட்ஸ் திரைப்படத் தயாரிப்பாளராக வளர்ந்து, மூன்று படங்களுக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றார். ரசனை இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. அதனால்தான் அவர் செய்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஃபோகர்ட்டி ஒரு சபதம் எடுத்தார்: தன் பழைய பாட்டுகளைப் பாடுவதே இல்லை. பாடினால் ஜான்ட்ஸுக்குக் காசு போகும்.

1985 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் வழியாக 'சென்டர்ஃபீல்டு' வந்தது. மறுபடி எல்லா வாத்தியமும் அவரே. தொகுப்பு முதலிடம் பிடித்தது. அதில் பிக்பாக்கெட் அடிக்கும் பன்றியைப் பற்றி ஒரு பாட்டு; பன்றியின் பெயர் ஜான்ட்ஸின் பெயர் போலவே ஒலித்தது. அவதூறு வழக்கு வந்தது, பெயரை மாற்றினார், அது வெளியே பேசி முடிந்தது. இன்னொரு வழக்குதான் வரலாறு. புதிய 'தி ஓல்டு மேன் டவுன் தி ரோடு' என்பது 1970இல் வந்த 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாட்டின் மெட்டுக்கு வேறு சொல் போட்டதுதான் என்றது ஃபேண்டசி. இரண்டையும் எழுதியவர் ஃபோகர்ட்டி. முதல் பாட்டின் உரிமை ஃபேண்டசியிடம். ஆக, தன்னிடமிருந்தே திருடியதாக ஒருவர் மீது வழக்கு.

1988இல் சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை. ஃபோகர்ட்டி கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் பாட்டு எப்படிப் பிறக்கிறது, விரல் எந்த இடத்தில் எப்படி விழுகிறது என்று ஜூரிகளுக்கு வாசித்தே காட்டினார். என் பாணி என் விரலில் இருக்கிறது, அதை நான் யாருக்கும் விற்கவில்லை என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் வக்கீல் செலவு பத்து லட்சம் டாலருக்கு மேல். வழக்குப் போட்டவர் ஜெயித்தால் செலவு சுலபமாகக் கிடைக்கும். வழக்கைத் தாங்கியவர் ஜெயித்தால், எதிராளி அடிப்படையில்லாமலோ கெட்ட எண்ணத்தோடோ வந்தார் என்று நிரூபித்தாக வேண்டும் என்பது அந்தப் பகுதி நீதிமன்றங்களின் வழக்கம். ஃபோகர்ட்டி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1994 மார்ச் 1 அன்று, இரு தரப்பையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது 13 லட்சம் டாலருக்கு மேல். அமெரிக்கப் பதிப்புரிமை வழக்குகளில் செலவுத்தொகை என்று பேச்சு வந்தால், இன்றும் முதலில் எடுக்கும் தீர்ப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்தச் சபதம் எப்படி உடைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சிறு மேடையில் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் உடன் இருந்தார்கள். நீ 'ப்ரௌட் மேரி'யைப் பாடாவிட்டால் உலகம் அதை டீனா டர்னரின் பாட்டு என்றே நினைத்துவிடும் என்று டிலன் சொல்ல, பாடினார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று, வியட்நாம் போர் வீரர்களுக்கான நிகழ்ச்சியில் பழைய பாட்டுகளை அவர்களுக்காகவே பாடினார். 1990இல் மிசிசிப்பிக்குப் போய், புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் கல்லறை இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில் நின்றபோதுதான் மனம் முழுதாகத் திரும்பியது. காகிதத்தில் யாரோ ஒரு வக்கீல் பெயர் இருக்கலாம், ஆனால் இந்தப் பாட்டுகள் ஜான்சனுடையவை என்று தோன்றிய அதே கணத்தில் தன் பாட்டுகளும் தன்னுடையவை என்று தோன்றியதாம்.

சபதத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதினைந்து ஆண்டு மௌனம் தவறு என்றே சொல்வேன். ஜான்ட்ஸுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இழந்தது கேட்பவர்களும் அவருமே. அண்ணன் டாம் 1990 செப்டம்பரில், ரத்தம் ஏற்றியதில் வந்த எய்ட்ஸ் நோயால் இறந்தார். ஜான்ட்ஸ் பக்கம் நின்ற அண்ணனோடு தம்பி மனம்விட்டுச் சேரவே இல்லை. 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட இரவில்கூட குக், கிளிஃபர்டோடு ஒரே மேடையில் வாசிக்க மறுத்தார். சிறுவயதில் ஒன்றாகத் தொடங்கியவர்கள் அவர்கள்.

2004இல் கான்கார்டு நிறுவனம் ஃபேண்டசியை வாங்கி, விட்டுக்கொடுத்த ராயல்டியைத் திருப்பித் தந்தது. 2023 ஜனவரியில் தன் கிரீடென்ஸ் பாட்டுகளின் பதிப்புரிமையில் பெரும்பங்கை அவரே விலைகொடுத்து வாங்கினார். இருபத்து மூன்று வயதில் எழுதியதை எழுபத்தேழு வயதில் வாங்கியிருக்கிறார். 2025இல் தன் பிள்ளைகளோடு சேர்ந்து அவற்றை மறுபடி பாடிப் பதிந்தார்.

'கிரீடென்ஸ் கட்டிய வீட்டில்' இருந்த ஒலிப்பதிவுக்கூடம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. கட்டடம் நிற்கிறது. கேட்காதவர்கள் 1969 ஆகஸ்டில் வந்த 'கிரீன் ரிவர்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். முழுவதும் அரை மணி நேரம்தான்.