ஒரு பேரெண்ணின் வரலாறு

பெரியவர் சொல்வது முடிந்த முடிபு, கேட்பவன் ஏற்பதே கடன் என்னும் மனப்பான்மை நம் வகுப்பறைகளில் இன்னும் வாழ்கிறது. அதற்குத் தக்க மறுமொழியாக ஓர் எண்ணின் வரலாறு அமைந்துள்ளது.

அவ்வெண் 147,573,952,589,676,412,927. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1ஐக் கழித்தால் இது கிடைக்கும். 1644இல் மரின் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்வகை எண்களுள் எவை முதன்மை எண்கள், அதாவது 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை, எனக் காட்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். நமது எண்ணும் அதில் இடம்பெற்றது. நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. ஐரோப்பிய அறிஞரின் கடிதத் தொடர்புகளுக்கு மையமாய் விளங்கியவர் அவர். அவர் பெயரே சான்றாயிற்று. இவ்வெண்ணைப் பற்றிய கூற்று 232 ஆண்டுகள் மறுக்கப்படாது நின்றது.

1876இல் பிரான்சின் எடுவார் லூக்கா, தாம் கண்ட புதிய சோதனை முறையால் இது முதன்மை எண் அன்று என நிறுவினார். ஆனால் காரணிகள் எவையென அம்முறை சொல்லாது. 1883இல் இவான் பெர்வூஷின் என்ற ருஷியக் கிராமப் பாதிரியார், மெர்சென் விட்டுவிட்ட ஓர் எண்ணை, 2 இன் 61ஆம் வலுவில் 1 குறைந்ததை, முதன்மை எண்ணென நிறுவினார். பட்டியலின் அதிகாரம் இருபுறமும் தகர்ந்தது.

காரணிகளைத் தேடுவது எளிதன்று. நமது எண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இவ்விதி இருந்தும், சிறிய காரணியை எட்டுமுன் இத்தகைய எண்கள் பதினான்கு இலட்சத்துக்கு மேல் உள்ளன. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல், மேலும் பல கட்டுப்பாடுகளை வகுத்துத் தேடலைக் குறுக்கினார். 1903 ஒக்டோபர் 31இல், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நியூ யோர்க் கூட்டத்தில் விடையை வைத்தார்:

193,707,721 × 761,838,257,287.

அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிற் பெருக்கிக் காட்டினார் என்றும், அவ்வுழைப்பு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது என்றும் ஈ. ரி. பெல் பின்னாளில் எழுதினார். அக்கதையில் அலங்காரம் கலந்திருக்கலாம். பெருக்கலில் அலங்காரம் இல்லை.

இவ்விரு எண்களைக் காண ஒருவர் நெடுங்காலம் உழைத்தார். அவை சரியா எனப் பார்க்கவோ ஒரு தாளும் பென்சிலும் பொறுமையும் போதும். நீள்பெருக்கல் அறிந்த எந்தச் சிறுவனும் பேராசிரியரின் நீதிபதியாகலாம். இன்று கணினி இக்காரணிகளைக் கணப்பொழுதில் கண்டுவிடுகிறது. எனினும் சரிபார்க்கும் அவ்வுரிமை தேய்ந்துவிடவில்லை.

எவரும் சோதிக்கக்கூடிய அறிவே எல்லோருக்கும் பொதுவான அறிவு. ஆசிரியராகிய நாம் மாணவனிடம் விடையைக் கையளிக்கும்போது, அதைச் சோதிக்கும் வழியையும் சேர்த்தே கையளிப்போம். அவ்வழி அறியாதவனுக்கு, நாம் கொடுப்பதும் மெர்சென் பட்டியலே.