கோயில்பிள்ளை எழுதிய பாட்டு



'வீ ஷால் ஓவர்கம்' பாட்டை என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் பாடியிருப்பீர்கள். அது மார்ட்டின் லூதர் கிங் எழுதியது என்று நம்மில் ஒருவர் அண்மையில் பதிவு போட்டிருந்தார். இல்லை. அதன் வேரைத் தேடிப் போகிறவர்கள் தவறாமல் சந்திக்கும் பெயர் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி. கறுப்பின மெதடிஸ்ட் போதகர்.

1851-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெர்லின் என்ற ஊரில் பிறந்தார். (ஜெர்மனி பெர்லின் அல்ல!) அப்பா அடிமை, அம்மா அடிமையல்லாதவர். பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது என்பது அன்றைய சட்டம். ஆகவே ஏட்டில் இவர் சுதந்திரமானவர். ஆனால் தாய் சீக்கிரமே இறந்துபோக, சிறுவனைக் கூலிக்கு விட்டார்கள். அடிமைகளோடு சேர்ந்து அதே வேலையைத்தான் செய்தான். கீழே கிடந்த செய்தித்தாள் துண்டுகளைப் பொறுக்கி வைத்து, இரவில் பைன் கட்டையைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தான். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் பிலடெல்பியா போனார். பகலில் செங்கல் சுமக்கும் சித்தாள் வேலை. பிறகு ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. நம் ஊர்ச் சபைகளில் கோயில்பிள்ளை என்போமே, அது. அந்த வேலையில் இருந்துகொண்டே கிரேக்கத்தை அஞ்சல் வழியிலும், எபிரேயத்தை அந்நகர யூதர்களிடமும் கற்றார். தேர்வெழுதி 1885-ல் ஊழியத்தில் சேர்ந்தார். பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போனபின், 1902-ல், தான் பெருக்கிய அதே சபைக்குப் போதகராக வந்தார்.

தெற்கு மாநிலங்களின் கொடுமை தாங்காமல் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே வந்த காலம் அது. மூட்டை முடிச்சோடு வந்தவர்களுக்கு ஆலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார். வேலை தேடிக்கொடுத்தார். வீடு வாங்கச் சேமிக்கும் ஏற்பாடும் செய்தார். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பசிக்குச் சோறு போடுகிறவர்கள் எங்கும் உண்டு. சொந்த வீட்டுச் சாவி வரை யோசிக்கிறவர்கள் குறைவு. 1915-ல் கறுப்பர்களை இழிவாகக் காட்டிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார். ஊர்வலத்தினர் தாக்கப்பட்டார்கள், அவரும் காயப்பட்டார். அப்போது வயது அறுபத்து நான்கு.

அவருடைய பாட்டுகளும் இந்த மக்களுக்காகத்தான். 'ஸ்டாண்ட் பை மீ' அவற்றில் ஒன்று. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தங்கள் மனம்போல் இழுத்தும் கூட்டியும் பாட இடம்விட்டு எழுதினார். நம் பஜனை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோஸ்பல் இசையின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சியே இவரைத் தம் முன்னோடியாகச் சொன்னவர்.

புதிதாகக் கட்டிய பெரிய ஆலயத்துக்கு டிண்ட்லி டெம்பிள் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. 1933-ல் காலமானார்.

இனி அந்தப் பாட்டு. 1900-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பாட்டின் பெயர் 'ஐ'ல் ஓவர்கம் சம்டே'. 'நான்' என்றுதான் இருக்கிறது. மெட்டும் வேறு. நாம் பாடும் மெட்டு பழைய ஆன்மிகப் பாடல்களிலிருந்து வந்தது. அதனால் டிண்ட்லியை மூலவர் என்று ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு இதில் வருத்தமில்லை. 1945-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலை ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மழையிலும் குளிரிலும் மறியலில் நின்று 'நான்' என்பதை மாற்றிப் பன்மையாகப் பாடினார்கள். அவர்களிடமிருந்து டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்கும், பீட் சீகர் போன்றவர்களுக்கும், பிறகு கிங்கின் இயக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இங்கே இலக்கண வாத்தியார் எட்டிப்பார்க்கிறார். ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். தமிழில் இரண்டு: கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', விட்டுவிட்டால் 'நாங்கள்'. ஆலை வாசலில் நின்ற அந்தப் பெண்கள் முதலாளியைப் பார்த்துப் பாடியது 'நாங்கள்'. கறுப்பரும் வெள்ளையரும் கைகோத்துப் பாடியபோது அது 'நாம்'. தமிழில் பாடியபோது நீங்கள் எதைப் பாடினீர்கள்? ஞாபகம் இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள். எந்த வருடம், எந்த வகுப்பு என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு அடையாளம் தெரியும்.