காசநோயில் நிரப்புப் புரதங்கள்: திருவள்ளூர்க் களத்தில் விடுபட்ட கேள்வி

1968ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, ஏறத்தாழ 2,80,000 பேரைத் தடுப்பூசி பெற்றோர், மருந்தற்ற ஊசி பெற்றோர் எனப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களோடு அப்பகுதி மக்களின் உடல் முன்பே பழகியிருந்ததே காரணம் என்பது, இதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் பெரிதும் பேசப்பட்டது. அவ்விளக்கம் டி செல்களின் நினைவை மட்டுமே கணக்கில் கொள்கிறது. தோலில் டியூபர்குலின் செலுத்தி வீக்கத்தை அளக்கும் சோதனை காட்டுவதும் அந்நினைவையே. குருதிநீரிலுள்ள புரதங்களின் பங்கு விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இது சிறிய குறையன்று.

அப்புரதங்களுள் ஒரு பிரிவான நிரப்புப் புரதத் தொகுதி, அதாவது காம்ப்ளிமென்ட், குருதியில் செயலற்ற நிலையில் சுற்றிவரும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களைக் கொண்டது. கிருமியின்மேல் எதிர்ப்பொருள் படியும்போதோ, கிருமியின் சர்க்கரைப் பூச்சை மன்னோஸ் பிணைப்பு லெக்டின் பற்றும்போதோ, இவ்விரண்டும் இன்றி மாற்றுவழியாகவோ இப்புரதங்கள் ஒன்றையொன்று வெட்டித் தூண்ட, இறுதியில் சி3 என்னும் புரதத்தின் துண்டுகள் கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு, அதை விழுங்குமாறு பெருவிழுங்கு செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. காசநோய்க் கிருமிக்கோ பெருவிழுங்கு செல்லே குடியிருப்பு என்பதால், பிற கிருமிகளுக்கு அழிவாகும் இவ்வடையாளம் இதற்கு நுழைவுச்சீட்டாகிறது. நோயுண்டாக்கும் மைக்கோபாக்டீரியங்கள் சி2ஏ என்னும் நிரப்புப் புரதத் துண்டைத் தம்மேல் பிடித்துவைத்துச் சி3யைத் தாமே வெட்டச் செய்கின்றன என்று 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனினும் நுழைவாயில்களுள் ஒன்றான சிஆர்3 ஏற்பி இல்லாத எலிகளிலும் தொற்று ஏறத்தாழ அதே போக்கில் சென்றதால், நுழைவை மட்டும் வைத்து நோயை விளக்கிவிட முடியாது.

இவ்விடத்தில் ஆய்வாளர் வி. டி. இராமநாதனின் ஆய்வுகள் முதன்மை பெறுகின்றன. மைக்கோபாக்டீரியங்களும் அவற்றின் மேலுறைக் கொழுப்பான கார்டு காரணியும் மாற்றுவழியைத் தூண்டுகின்றன என்பதை அவர் டர்க் முதலியோருடன் 1980இல் வெளியிட்டார். பின்னர்ச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் செண்பகவல்லி முதலியோருடன் செய்த ஆய்வில் (2009), நுரையீரல் காசநோயாளிகளின் சிவப்பணுக்களில் சிஆர்1 ஏற்பி குறைந்திருப்பதையும், அக்குறைவு பிறப்பில் வந்ததன்று, நோயால் நேர்ந்தது என்பதையும் நிறுவினார். எதிர்ப்பொருளும் கிருமிப் பொருளும் பிணைந்த கூட்டுகளைச் சிவப்பணுக்கள் இவ்வேற்பியால் தாங்கிக் கல்லீரலுக்குச் சுமந்து செல்கின்றன. ஏற்பி குறைந்தால் அக்கூட்டுகள் குருதியில் தேங்கித் திசுக்களைத் தாக்க இடமுண்டாகிறது. ஆகவே காசநோயில் நுரையீரல் சிதைவதில், கிருமியோடு உடலின் துப்புரவுத் தளர்ச்சிக்கும் பங்குண்டு என்று கருத இவ்வாய்வு இடம் தருகிறது.

மரபணுச் சான்றுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. மன்னோஸ் பிணைப்பு லெக்டின் மரபணுவின் குறையுள்ள வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நோய் வாய்ப்பு மிகுதி எனச் சென்னை மையத்தின் செல்வராஜ் முதலியோர் 1999இல் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று, இம்மரபணுவின் குறையுள்ள வடிவம் ஒன்று காசநோய் மூளையுறை அழற்சியிலிருந்து காப்பளிப்பதாகக் கூறியது. லெக்டின் குறைந்தால் கிருமியின் நுழைவும் குறையலாம், துப்புரவும் குறையலாம் என்பதால், இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றவில்லை.

எச்.ஐ.வி. தொற்றுள்ள தென்னாப்பிரிக்கரிடம், காசநோய் அறிகுறி தோன்றுமுன்பே நிரப்புப் புரத மரபணுக்கள் விழிப்பதும் எதிர்ப்பொருள் கூட்டுகள் பெருகுவதும் 2018இல் காணப்பட்டன. அதே ஆண்டில், நிரப்புப் புரதங்களுள் ஒன்றான சி1க்யூவின் குருதியளவு செயல்நிலைக் காசநோயை நிமோனியாவிலிருந்து பிரித்துக் காட்டும் என்பதும் பல நாட்டுக் குழுக்களில் உறுதியாயிற்று. இவ்வளவீடு நோயறியும் கருவியாக வளர்வதற்குமுன் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் சோதிக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்குள்ள சிப்காட் வளாகத்தின் இரும்பு, வார்ப்புத் தொழில்களில் சிலிக்கா தூசு தவிர்க்க அரிதானது. அத்தூசு பெருவிழுங்கு செல்களைச் சிதைத்துக் காசநோய்க்கு வழிவிடுவதோடு, தன்னுடலைத் தாக்கும் எதிர்ப்பொருள்களையும் தூண்டுகிறது. சி1க்யூவைப் பெரிதும் சுரப்பவையும் அதே பெருவிழுங்கு செல்களே என்பதால், தூசால் மட்டும் பாதிக்கப்பட்ட தொழிலாளியிடம் அப்புரதம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கக்கூடும். அங்ஙனமாயின் பிற நாடுகளில் வகுத்த எல்லை அளவு அவருக்குப் பொருந்தாது. திருவள்ளூரில் 1999 முதல் நடந்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைத் திட்டத்தின் கள அனுபவம், காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகப் பெயர் மாறிய அச்சென்னை மையத்திடம் இருக்கையில், தூசில் உழைப்போர், உழைக்காதோர் ஆகிய இரு சாராரின் குருதிநீரையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்து, சி1க்யூ, எதிர்ப்பொருள் கூட்டு, சிவப்பணுவின் சிஆர்1 ஆகிய மூன்றையும் சேர்த்து அளப்பது இயலும். ஒப்பந்த முறையில் வந்து சில மாதங்களில் ஊர் திரும்பும் வடமாநிலத் தொழிலாளரையும் அவ்வளவீட்டில் சேர்த்தாக வேண்டும்.