பாலின வளர்ச்சி வேறுபாடுகள்: மரபணுக்களின் பங்கு என்ன?

பிறந்த குழந்தை ஆணா, பெண்ணா என்ற கேள்விக்குச் சில வேளைகளில் மருத்துவர்களால் உடனடியாகப் பதிலளிக்க இயலுவதில்லை. குரோமோசோம், பாலினச் சுரப்பி, உடலமைப்பு ஆகியவை வழக்கமான முறையில் ஒன்றோடொன்று பொருந்தாத இந்நிலைகள் 'பாலின வளர்ச்சி வேறுபாடுகள்' எனப்படுகின்றன. இவற்றில் பலவற்றுக்கு மரபணு மாற்றங்களே காரணம். சில வேறுபாடுகள் பிறப்பின்போதே தெரியவரும். சில பருவ வயதில்தான் வெளிப்படும்.

கருவில் நிகழ்வது என்ன?

மனித உடலில் பொதுவாக 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. 23-ஆவது இணை பெரும்பாலும் பெண்களுக்கு எக்ஸ்எக்ஸ் எனவும், ஆண்களுக்கு எக்ஸ்ஒய் எனவும் அமைகிறது. எனினும், ஏறத்தாழ ஆறாவது வாரம் வரை இருபாலருக்கும் பாலினச் சுரப்பி ஒரே தன்மையுடனேயே காணப்படுகிறது. அதன்பின் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு செயல்பட்டு, 17-ஆவது குரோமோசோமில் உள்ள சாக்ஸ்9 மரபணுவைத் தூண்டுகிறது. சுரப்பி விந்தகமாக உருவெடுக்கிறது. எஸ்ஆர்ஒய் மரபணுவை 1990-ஆம் ஆண்டு லண்டன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர்.

தந்தையின் விந்தணு உருவாகும்போது இம்மரபணு எக்ஸ் குரோமோசோமுக்கு இடம்மாறினால், எக்ஸ்எக்ஸ் குழந்தையும் ஆண் உடலமைப்புடன் பிறக்கக்கூடும். மாறாக, எஸ்ஆர்ஒய் செயலிழந்தால் எக்ஸ்ஒய் குழந்தை கருப்பையுடன் கூடிய பெண் உடலமைப்பைப் பெறலாம்.

ஹார்மோன்களின் பங்கு

விந்தகம் உருவானாலும் வளர்ச்சி அத்துடன் முடிவதில்லை. ஆண்மை ஹார்மோன்களை உணரும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அது முற்றிலும் செயல்படாவிடில், ஹார்மோன் போதிய அளவு சுரந்தும் உடல் அதை ஏற்காது. இத்தகையோர் பெண் தோற்றத்துடன் வளர்வர். ஆனால், அவர்களுக்குக் கருப்பை இருக்காது. பருவ வயதில் மாதவிடாய் வராதபோதே பலருக்கு இது தெரியவருகிறது.

உடனடி சிகிச்சை எப்போது?

6-ஆவது குரோமோசோமில் உள்ள சிஒய்பி21ஏ2 மரபணுவின் குறைபாடு, அட்ரீனல் சுரப்பியைப் பாதிக்கிறது. தாய், தந்தை இருவரும் இக்குறைபாட்டைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட 25 சதவீத வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணம் புரிவோரிடையே இத்தகைய வாய்ப்பு கூடுகிறது.

இதன் தீவிர வகையில், பிறந்த முதல் சில வாரங்களிலேயே உடலில் உப்புச்சத்து குறைந்து உயிருக்கு ஆபத்து நேரிடலாம். பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் மாற்றம் தென்படுவதால் ஐயம் எழுகிறது. ஆண் குழந்தைகளுக்கு வெளித்தோற்றம் இயல்பாக இருப்பதால் நோய் கவனிக்கப்படாமல் போகக்கூடும். குதிகாலில் எடுக்கப்படும் சில துளி ரத்தத்தைக் கொண்டே இதனைக் கண்டறியலாம். உரிய ஹார்மோன் மருந்துகளால் குழந்தையைக் காப்பாற்ற முடியும்.

நீதிமன்றத் தீர்ப்பு

உயிர்காக்கும் சிகிச்சை வேறு, தோற்றத்தை மாற்றும் அறுவை சிகிச்சை வேறு. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை நிர்ணயிக்கும் அறுவை சிகிச்சை செய்வதற்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. குழந்தையின் சம்மதமாகப் பெற்றோரின் சம்மதத்தைக் கொள்ள இயலாது என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான சூழல்கள் தவிர்த்து இத்தகைய அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதித்துத் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது.