தாழ்ப்பாள் வந்த கதை

புதுமணத் தம்பதிக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தனியாக இடம் ஒதுக்கிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இருந்தது. அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் ரெங்கமன்னாரும். ஆடிப்பூரத் திருவிழாவின் 7-ம் நாள், 192 அடிக் கோபுரமும் அத்தனை மண்டபங்களும் இருக்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருவரும் ஊருக்குள் இருக்கும் சின்னக் கிருஷ்ணன் கோயிலுக்கு எழுந்தருளுவார்கள். அங்கே ஆண்டாள் மடியில் தலை வைத்து ரெங்கமன்னார் சயனித்திருப்பார். இந்தச் சயன சேவையைப் பார்த்தால் தம்பதிக்குள் பிணக்கு தீரும் என்று பெண்கள் நெரிசலில் நசுங்கியபடி காத்திருப்பார்கள். பெரிய கோயிலிலேயே இதை நடத்தினால் என்ன என்று கேட்கிறவர்கள் நாச்சியார் கருவறையை ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் எதிரே தள்ளி நிற்கிற கருடன் இங்கே தம்பதிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். மாப்பிள்ளையைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்ததற்காகக் கொடுத்த மரியாதை அது. மரியாதைதான், ஆனாலும் மூன்றாவது ஆள் மூன்றாவது ஆள்தான்.

மனிதத் தம்பதிகளுக்கு இப்படி ஒரு ‘சின்ன இடம்’ கிடைக்க எத்தனை காலம் ஆனது என்பதை யோசிக்க வைத்தது என் பிழைப்பு. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பு குற்றாலத்துக்கு வேன் பேசிக் கொடுத்தோம். இப்போது கல்யாணம் பேசி முடித்த கையோடு பிள்ளைகள் வந்து, “அக்கா, பிரான்சுல சின்னதா, அழகா, ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு ஹோட்டல் பாருங்க” என்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் வேண்டாமாம். பத்துப் பன்னிரண்டு அறை இருந்தால் போதுமாம்.

எங்கள் பகுதியில் வழிப்போக்கர் தங்கிய இடங்களில் பழையவை கல்மண்டபங்கள். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பாதையில் நாயக்கர் காலத்தவை என்று காட்டுவார்கள். ஆண்டாளுக்குப் பூஜை முடிந்ததும் இவற்றில் வரிசையாக மணி அடித்து மதுரைக்குச் சேதி சொல்லுவார்களாம். அது காதில் விழுந்த பிறகே திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவாராம். 1623 முதல் 1659 வரை ஆண்ட அந்த மனிதருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு மஹால் இருந்தது. அவருக்குத் தங்க இடப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு அந்த மண்டபம்தான். நான்கு பக்கமும் தூண், மேலே கல் மூடாக்கு, கதவென்று ஒன்று கிடையாது. கட்டியவர்கள் வெயிலையும் மழையையும் திருடனையும் நினைத்தார்கள். திருடனுக்கு மருந்து கூட்டம். எல்லோரும் ஒன்றாகப் படுத்தால் யார் மூட்டைக்கும் பயமில்லை.

அடுத்தது சத்திரம். 1689-லிருந்து 1706 வரை மதுரையை நிர்வகித்த ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் போட்டே பெயர் வாங்கியவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் இருக்கும் சத்திரத்தைத் தென்மாவட்டத்துக்காரர்களில் பார்க்காதவர்கள் குறைவு. சத்திரத்தில் சுவர் வந்தது, கதவும் வந்தது. ஆனால் அந்தக் கதவு தெருவுக்கும் சத்திரத்துக்கும் நடுவில்தான் இருந்தது. உள்ளே போனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பயணம் வந்தாலும் வாசற்படியில் பிரிந்து, மறுநாள் காலை கிணற்றடியில் பார்த்துக்கொள்வார்கள். திருவிழாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த சனம் அந்தந்தச் சாதிக்காரர் மண்டபங்களில் தங்கியதும் இதே ஒழுங்கில்தான். தங்குவதற்கு முன் சாதி கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய உபசாரத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ராஜபாளையத்தில் ராஜுக்களுக்குச் சாவடிகள் உண்டு. வெளியூர் ஆண்கள் வந்தால் அங்கே பேச்சும் படுக்கையும். பெண் வந்தால் வீட்டுக்குள். வீடும் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. திண்ணையில் கிழவர், கூடத்தில் பிள்ளைகள், அடுப்படிக்குப் பக்கத்தில் பெண்கள். கல்யாணமான புதிதில் மட்டும் நெல் மூட்டைகளை ஓரமாக ஒதுக்கி ஒரு அறையைக் காலி பண்ணிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிடும் என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பாள். “மூட்டை வந்துருச்சுன்னா விருந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம்த்தா” என்பாள்.

உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் அறையை வழிப்போக்கனுக்குக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அந்த அறை அவர்கள் அதிகாரிகளுக்கு. டிராவலர்ஸ் பங்களா, காட்டிலாகா பங்களா, மராமத்து இலாகா பங்களா எல்லாமே அனுமதிச் சீட்டு உள்ளவருக்கு. மற்றவர்கள் வாட்ச்மேனுக்குத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்தப் பாதையில் வந்தன. பஞ்சு வாங்க, விற்க ஆட்கள் வந்தார்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு மெஷின் மாட்டுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், நூல் வியாபாரி என்று போக்குவரத்து கூடியது. இவர்கள் எல்லோரும் தனி ஆண்கள். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ நடந்தது. கீழே காபி கிளப், மேலே ஒற்றைக் கட்டில் அறைகள், தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறை. கதவுக்கு உள் தாழ்ப்பாளும் இருந்தது, பஞ்சு விற்ற பணத்துக்குக் காவலாக.

அந்த மாதிரி லாட்ஜில் பெண்ணோடு போனால் நீளமான நோட்டு ஒன்றைத் திருப்பி வைப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகை, எங்கே போகிறார், என்ன காரியம், உடன் வந்தவர், உறவு. கடைசிக் கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதினால் எழுதியவரைப் பார்க்க மாட்டார்கள். நிமிர்ந்து பெண்ணின் கழுத்தைப் பார்ப்பார்கள். எங்களிடம் டிக்கெட் போட வந்த எத்தனையோ ஜோடிகளுக்கு, கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும்படி வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மஞ்சள் தடவிய பத்திரிகையாக இருந்தால் இன்னும் நல்லதாம்.

1961-ல் ஸ்ரீதரின் ‘தேன்நிலவு’ வந்தது. ஜெமினியும் வைஜயந்திமாலாவும் காஷ்மீரில் பாடித் திரிந்த படம். புதுமணத் தம்பதி எங்காவது குளிர்ந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசையை எங்கள் டாக்கீஸ்களில் விதைத்தது அதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் கதையை யோசித்துப் பாருங்கள். அதில் தேன்நிலவுக்குப் போகிறவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட தங்கவேலு. கூடவே வயசுக்கு வந்த மகளையும் அழைத்துக்கொண்டு போகிறார்! தமிழ்நாட்டுத் தேன்நிலவை ஸ்ரீதர் அவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருந்தார்.

எங்களுக்குக் காஷ்மீர் குற்றாலம்தான். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்கு ரயில், அங்கிருந்து 5 கிலோமீட்டர். கம்பெனிக் காலத்திலேயே வெள்ளைக்காரர்கள் அங்கே பங்களா கட்டிக்கொண்டார்கள், ஜமீன்தார்களும் கட்டிக்கொண்டார்கள். ரசிகமணி டி.கே.சி. தன் வீட்டையே விருந்தாளிகளுக்குத் திறந்து வைத்திருந்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து கம்பன் கேட்டு, சாப்பிட்டு, அருவியில் குளித்துப் போனார்கள். மற்றவர்களுக்குச் சீசன் வீடு. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் பாதியைச் சாரல் மாதங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். கூடம் ஒன்று, அறை ஒன்று, சமைக்க ஒரு மூலை.

1983 வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஆனியில் குற்றாலம் போனோம் என்றால் நாங்கள் இருவர் போனோம் என்று அர்த்தமில்லை. அத்தை, மாமா, மதினி, அவர் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஒரு தூக்குவாளி புளியோதரை. புதுசு என்பதால் அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதன் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை, இரண்டு வளையங்கள் மட்டும் இருந்தன. வீட்டுக்காரர் குடையை அவற்றில் செருகி வைத்தார். நடுராத்திரியில் அத்தை, “ஏத்தா, அமிர்தாஞ்சனம் உன் பையிலயா கெடக்கு?” என்று கதவைத் தள்ள, குடைக்கம்பி முறிந்துபோனது. விடிந்ததும் மாமா அந்தக் குடையைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்து, “நேத்துதான வாங்குன?” என்று கேட்டார். பதில் சொல்ல யாருமில்லை. அருவியிலும் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சத்திரத்தின் ஒழுங்கு தண்ணீர்வரை வந்திருந்தது.

நாங்கள் ஏன் ஆனியிலேயே ஓடினோம்? ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய் வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்ற கணக்கு. குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருக்கும் மாதம், ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் சாய்ந்திருக்கும் மாதம், அந்த மாதத்தில் ஊரிலுள்ள புதுத் தம்பதிகள் ஆளுக்கொரு வீட்டில். சயன சேவை பார்க்க வந்த கூட்டத்தில் கழுத்து மஞ்சள் காயாத பெண்கள் அத்தனை பேரும் அம்மாவோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

1971-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அரசாங்கமே அறை கொடுக்கிறது என்றதும், பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அரசாங்க ஹோட்டல் என்றால் மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போகலாம், தப்பில்லை. இரட்டைக் கட்டில், உள்ளேயே குளியலறை, உள் தாழ்ப்பாள். மூன்றும் ஒரே அறையில், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில். என் அனுபவத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களின் தேன்நிலவு அங்கேதான் பிறந்தது.

பிரான்சுக்குப் பணம் போதாதவர்களைப் புதுச்சேரிக்கு அனுப்புகிறேன். அங்கே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் வீடுகள், தெருவைப் பார்த்த திண்ணையோடு. கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர் வீடுகள், உயர்ந்த மதிலும் கேட்டும் உள்ளே மரமுமாக. ஒன்று வழிப்போக்கனை உட்காரச் சொல்கிறது, இன்னொன்று உள்ளே இருப்பவரைத் தெருவிடமிருந்து மறைக்கிறது. மதில் வைத்த வீடுகளில் சில இன்று பத்துப் பதினைந்து அறை ஹோட்டல்களாகி நம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. திண்ணை எவ்வளவு நல்லதானாலும் அதில் தேன்நிலவு கொண்டாட முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தைக் கைவிட்ட 1954-ல்தான் பிரான்சில் இன்னொரு காரியம் நடந்தது. ரோன் ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல் வைத்திருந்த மார்செல், நெல்லி தில்வா தம்பதியர், பாரிசிலிருந்து நீஸ் போகும் வழியிலுள்ள எட்டு விடுதிகளைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முதலாளியே வாசலில் நின்று வரவேற்கும் ஹோட்டல்கள். இன்று ‘ரெலே எ ஷாத்தோ’ என்ற பெயரில் உலகெங்கும் விரிந்து, எங்கள் ஊர்ப் பட்ஜெட்டுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதற்குச் சில வருடம் முன்பே, 1949 வாக்கில், கிராமத்துக் குடும்ப விடுதிகள் சேர்ந்து ‘லோஜி’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தன. நான் பெரும்பாலும் தேடுவது இந்த இரண்டாவது ரகத்தில். கீழே சமையல், மேலே அறைகள். நம் போர்டிங் அண்ட் லாட்ஜிங்தான், ஜன்னலில் பூந்தொட்டியோடு.

போட்டோவைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. லிஃப்ட் உண்டா என்று கேட்பேன். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் கிடையாது, நம் பெண்ணின் பெட்டியோ இருபது கிலோவுக்குக் குறையாது. ஒரே கட்டிலா, இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டதா என்று கேட்பேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம் கேட்பேன். முட்டை, மீன் இல்லாத ராச்சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டால் ஆம்லெட் தருகிறோம் என்று பதில் வரும். மறுபடி விளக்கி எழுதுவேன். ஜூலையும் ஆகஸ்டும் அவர்களே விடுமுறைக்குக் கிளம்பும் மாதங்கள் என்பதால் வாடகை எகிறும். ஆடி கழியட்டும் என்று பாட்டிமார் பிடிக்கும் பிடிவாதம் எனக்கு வசதிதான். செப்டம்பரில் விலை இறங்கிவிடும்.

போன மாதம் ஒரு பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் மாப்பிள்ளையும் தங்கப்போகும் ஹோட்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆள் இருக்காது, வாசல் கதவுக்கு எண் அனுப்புவார்கள், அதை அழுத்தித் திறந்துகொள்ள வேண்டும் என்று நான் சொன்னதில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

“ஆளே இல்லாம எப்படிம்மா? பேர் எழுத ஒரு நோட்டாவது வைப்பானா?”

“வைப்பாங்கண்ணே. வெளிநாட்டுக்காரங்கன்னா போலீசுக்காகத் தனி ஃபாரமே உண்டு” என்று மாதிரியைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்து வரிவரியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், நாடு, வீட்டு முகவரி, போன், வந்த நாள், போகும் நாள், கையெழுத்து. கடைசி வரி முடிந்ததும் மறுபடி மேலே போய் ஒருமுறை தேடினார்.

“உறவுன்னு ஒண்ணும் காணமே?”

“இல்லண்ணே, அவுங்க அதைக் கேக்குறதில்ல.”

சரி என்று சொல்லி அட்வான்சைக் கட்டிவிட்டுப் போனார்.