காந்தமும் துப்பாக்கியும்: ஆபத்து எங்கே?

கனடாவில் தமிழர் செறிந்து வாழும் நகரங்களுள் ஒன்றான மார்க்கத்தில், கைத்துப்பாக்கியை மேசையடியில் காந்தத்தால் ஒட்டிவைப்பது சட்டமீறலாகும். காந்தம் தோட்டாவை வெடிக்கச் செய்யும் என்பது இதற்குக் காரணமன்று. ஈயம், பித்தளை ஆகியவற்றாலான வழக்கமான தோட்டாவைக் காந்தம் ஈர்ப்பதில்லை. துப்பாக்கியை வெடிக்க வைக்கும் வலுவும் வீட்டுக் காந்தத்துக்கு இல்லை.

மருத்துவமனைகளிலுள்ள எம்ஆர்ஐ கருவியின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அக்கருவியால் இழுக்கப்பட்ட காவலர் ஒருவரின் கைத்துப்பாக்கி, பாதுகாப்புத் தாழ் இடப்பட்டிருந்தும் வெடித்தது. 2023இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில், தாயாரின் பரிசோதனைக்குத் துணை சென்றவர், தம் இடுப்பிலிருந்த துப்பாக்கி வெடித்துக் காயமடைந்து, பின்னர் உயிரிழந்தார்.

வீட்டில் உள்ள ஆபத்து, துப்பாக்கி குழந்தையின் கைக்கும் எட்டுவதே. கைத்துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பூட்டிவைக்க வேண்டும் என்கின்றன கனடாவின் 1998ஆம் ஆண்டு விதிகள். காந்தம் பூட்டாகாது.