இளவரசரின் திருமணமும் கில்ரேயின் செப்புத்தகடும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் அச்சான கேலிச்சித்திரங்கள் இன்று அரிய கலைப்பொருள்கள். அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. கோட்டின் வீச்சையும் வண்ணத்தின் நயத்தையும் நாம் வியந்து நிற்கிறோம். ஆனால் வெளிவந்த நாளில் அவை முடியாட்சியும் சமயமும் பின்னிக் கிடந்த ஒரு பூசலில் பக்கம் சேர்ந்து நின்றவை. எந்தப் பக்கம் என்ற கேள்வியோடு ஜேம்ஸ் கில்ரேயின் (1756–1815) மூன்று படங்களைக் காண்போம்.

மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது அக்காலத்து முறை. பின்னர் கையால் வண்ணம் தீட்டுவார்கள். கில்ரேயின் பிற்காலப் படங்களை விற்றவர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி. அவருடைய கடைக்கு மேல்மாடியிலேயே கில்ரே குடியிருந்தார். வாங்க வசதியில்லாதவர்களும் கடையின் சாளரத்தில் புதுப்படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

பூசலின் வேர் 1701ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கத்தோலிக்கரோ, கத்தோலிக்கரை மணந்தவரோ ஆங்கில அரியணை ஏற முடியாது என்றது அச்சட்டம். 1778இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளுள் சில தளர்த்தப்பட்டன. அதை எதிர்த்து ஜார்ஜ் கார்டன் பிரபு திரட்டிய கூட்டம் 1780 ஜூனில் இலண்டனைச் சூறையாடியது. கத்தோலிக்க வழிபாட்டிடங்களும் நியூகேட் சிறையும் எரிந்தன. இராணுவம் சுட்டதில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்.

அந்தத் தீ அணைந்து ஐந்தே ஆண்டுகளில், 1785 டிசம்பரில், பட்டத்து இளவரசர் ஜார்ஜ், மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை இரகசியமாக மணந்தார். வதந்தி பரவியது. 1786 மார்ச்சில் கில்ரேயின் படம் வெளிவந்தது. ஐரோப்பியக் கண்டத்தில் எங்கோ ஒரு கத்தோலிக்கக் கோயில், மணமக்கள் நிற்கிறார்கள், இயேசு சபைக் குருவின் அங்கியில் மணம் முடித்து வைப்பவர் எட்மண்ட் பர்க். சுவரில் ஆதாமை மயக்கும் ஏவாளும், இயேசுவை முத்தமிடும் யூதாசும் ஓவியங்களாகத் தொங்குகிறார்கள்.

உண்மையோ வேறு. திருமணம் இலண்டனில், மணமகளின் வீட்டிலேயே நடந்தது. அதை நடத்தியவர் கடனாளியான ஓர் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். அவருடைய கடனை இளவரசர் தீர்த்து வைத்தார். பர்க் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். அவருடைய தாய் கத்தோலிக்கர் என்பதும், கத்தோலிக்கரின் உரிமைக்காக அவர் வாதாடினார் என்பதும் அவருக்குக் குரு அங்கி மாட்டப் போதுமானவையாக இருந்தன.

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுத்தது தொல்காப்பியம். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. இந்த ஒரே தகட்டில் இரண்டும் உள்ளன. இளவரசர் மீதான பழி செம்பொருள். அங்கிக்கும் சுவரோவியங்களுக்கும் பின்னால் கரந்து நிற்பது, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வீடிழந்து நின்ற ஒரு சிறுபான்மையினர் மீதான பழி.

இரண்டாவது படம் 1796 ஜனவரியில் வந்தது. இளவரசருக்குப் பெண் குழந்தை பிறந்ததை, குழந்தை இயேசுவை ஞானிகள் தரிசித்த காட்சியாகக் கில்ரே வரைந்தார். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஞானியரின் இடத்தில் மண்டியிடுகிறார்கள். தந்தை குடிபோதையில் தள்ளாடுகிறார். இம்முறை கில்ரே தெய்வ நிந்தனைக்காகக் கைது செய்யப்பட்டார். யூதாசைக் கத்தோலிக்கக் கோயிலில் தொங்கவிட்டபோது உறுத்தாத பக்தி, திருக்குடும்பக் காட்சியை அரச குடும்பத்தின் மீது போர்த்தியபோது உறுத்திற்று. மறு ஆண்டிலிருந்து அரசாங்கம் அவருக்கு இரகசியமாக ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கியது. 1801இல் கத்தோலிக்கர் உரிமைச் சிக்கலில் மன்னரோடு முரண்பட்டுப் பிரதமர் பிட் பதவி விலகியதும் அதுவும் நின்றது.

மூன்றாவது 1807ஆம் ஆண்டுப் படம். கத்தோலிக்கருக்கு இராணுவத்தில் உயர்பதவி அளிக்க முயன்ற அமைச்சரவையை மூன்றாம் ஜார்ஜ் வீழ்த்தினார். விவிலியத்தில் பேய் புகுந்த பன்றிக்கூட்டம் கடலில் பாய்ந்து மடியும் கதையை எடுத்துக்கொண்டார் கில்ரே. அமைச்சர்கள் பன்றிகளாகக் கடலில் விழ, உழவர் வேடத்தில் மன்னர் அவர்களை விரட்டுகிறார். உழவன் என்ற பட்டப்பெயரில் மன்னருக்கும் கொஞ்சம் கேலி உண்டு. ஆனால் கவைக்கோல் அவர் கையில்தான் இருக்கிறது.

மன்னனைக் கேலி செய்யும் துணிவு கில்ரேக்கு இருந்தது. அத்துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் முடியைப் பார்த்துச் சிரித்தவர் எல்லாம் எளியவர் பக்கம் நின்றவர் என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பான்மையின் அச்சத்தைத் தொட்டு எழுதியபோது கில்ரேயின் ஊசி கூட்டத்தோடு சேர்ந்தே நகர்ந்தது. கோடு அழகாக இருப்பதாலேயே இதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

அரசக் குடும்பமே இத்தகைய படங்களைச் சேர்த்து வைத்தது என்பது வரலாற்றின் குறும்பு. வின்ட்சர் கோட்டையிலிருந்த ஏறத்தாழ 10,000 அச்சுப்படங்களை 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர வழிவிட்ட 1829ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மனமின்றி ஒப்புதல் அளித்தவர், அன்று இரகசியமாக மணந்த அதே இளவரசர். அப்போது அவர் நான்காம் ஜார்ஜ் மன்னர். கத்தோலிக்கரை மணந்தவருக்கு அரியணை இல்லை என்ற விதி 2015இல்தான் நீங்கியது. கத்தோலிக்கரே அரியணை ஏறக் கூடாது என்ற விதி இன்னும் நீங்கவில்லை.